காலில் சிரை பைபாஸ்: அறுவைக் கருவிகளை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை

காலின் தமனி அடைபட்டு, பாதத்திற்கு இரத்தம் எட்டாமல், விரல் கறுத்துப் புண் ஆறாமல் வரும் நோயாளிகளைப் புதுச்சேரியிலும் கடலூர் மாவட்டத்திலும் அறுவைப் பிரிவில் வேலை செய்யும் எவரும் அறிவர். பலருக்கு நெடுநாள் சர்க்கரை நோய் காரணம். பீடியும் சிகரெட்டும் விடாதவர்களுக்கு இளம் வயதிலேயே வரும் பர்கர் நோய் இன்னொரு காரணம். இவர்களில் தகுந்தவர்களுக்கு, அவர்களுடைய காலிலேயே ஓடும் சஃபீனஸ் சிரையைப் பயன்படுத்தி அடைப்பைத் தாண்டி இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பைபாஸ் செய்யப்படுகிறது. அந்த அறுவைக்கு வேண்டிய கருவிகளில் எதை எதனோடு, எந்த அளவுகோலால் ஒப்பிடுவது என்பதை ஆபரேஷன் தியேட்டர் செவிலியர்கள், தொழில்நுட்பர்கள், முதுநிலைப் பயிற்சி மருத்துவர்கள், கொள்முதல் குழுவில் அமர்பவர்கள் ஆகியோருக்காக இங்கே எழுதுகிறேன். ஒரு குறிப்பிட்ட நோயாளிக்கு எந்தக் கருவி என்பதை அறுவை செய்யும் மருத்துவரே முடிவு செய்வார்; அவர் கை நீட்டும்போது தட்டில் நல்ல கருவி இருக்க வேண்டும் என்பதே நம் பொறுப்பு.

கம்பெனிகளின் விலைப்பட்டியல்களை அருகருகே வைத்துக்கொண்டு நீளம், எடை, விலை என்று பார்ப்பதுதான் பெரும்பாலும் ஒப்பீடாக நடக்கிறது. இந்த அறுவையைப் பொறுத்தவரை அது போதாது. இங்கே பைபாஸ் குழாயாகப் பயன்படுவது நோயாளியின் உயிருள்ள சிரை. அதன் உட்புறத்தை ஒரே ஒரு செல் தடிமனுள்ள மெல்லிய படலம் மூடியிருக்கிறது. அந்தப் படலம் உரிந்த இடத்தில் இரத்தம் உறையும். உறையாமல் தப்பினாலும் பின்வரும் மாதங்களில் அந்த இடம் தடித்துச் சுருங்கும். ஆகவே எந்தக் கருவியைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றே: இது சிரையை எங்கே தொடுகிறது, எவ்வளவு நேரம் தொடுகிறது, தொட்டபின் என்ன தடத்தை விட்டுச்செல்கிறது? கீழே சொல்லப்படும் எல்லா ஒப்பீடுகளும் இந்தக் கேள்வியிலிருந்து பிறப்பவை.

அறுவையின் இரண்டு வழிகள்

எந்த வழியில் பைபாஸ் செய்யப்படுகிறதோ அதற்கேற்பவே கருவிப் பட்டியல் மாறும் என்பதால், ஒப்பீட்டைத் தொடங்கும் முன் உங்கள் தியேட்டரில் எந்த வழி அதிகம் நடக்கிறது என்று பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாரிஸில் ழான் குன்லின் 1948இல் செய்தது முதல் வழி: சிரையை முழுவதுமாக வெளியே எடுத்து, தலைகீழாகத் திருப்பி, தமனியின் மேலும் கீழும் இணைப்பது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் இதயத்தை நோக்கி மட்டுமே திறப்பவை. திருப்பி வைத்துவிட்டால் பாதத்தை நோக்கிப் போகும் இரத்தத்திற்கு அவை தடையாக இருப்பதில்லை. இந்த வழியில் முக்கியமான கருவிகள் சிரையை எடுக்கப் பயன்படுபவையும், தோலுக்கடியில் அதைக் கொண்டுசெல்லும் டனலரும் ஆகும்.

இரண்டாவது வழியில் சிரை இருந்த இடத்திலேயே இருக்கும். மேல்முனையும் கீழ்முனையும் மட்டும் விடுவிக்கப்பட்டுத் தமனியோடு தைக்கப்படும். மேலே தடித்த சிரை தொடைத் தமனிக்கும், கீழே மெலிந்த சிரை கணுக்கால் அருகிலுள்ள சிறிய தமனிக்கும் அளவில் பொருந்துவது இதன் பெரிய நன்மை. ஆனால் இரத்தம் இப்போது வால்வுகளுக்கு எதிர்த்திசையில் வருவதால், ஒவ்வொரு வால்வையும் உள்ளிருந்தே வெட்டிச் செயலிழக்கச் செய்ய வேண்டும். நார்வே நாட்டு அறுவை மருத்துவர் கார்ல் விக்டர் ஹால் 1962இல் இம்முறையை வெளியிட்டார். அமெரிக்காவின் ஆல்பனி நகரில் லெதர், கார்மோடி ஆகியோரின் குழு 1970களின் பிற்பகுதியில் வால்வை உரித்தெடுப்பதற்குப் பதிலாகக் கூர்மையாக வெட்டும் முறையை வளர்த்த பிறகே அது பரவலாயிற்று. உரிப்பதா வெட்டுவதா என்ற அந்த ஒரு மாற்றமே முடிவுகளை மாற்றியது என்பதைக் கவனியுங்கள்; கருவியின் வடிவம் எவ்வளவு பொருட்படுத்தத்தக்கது என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. சிரையை வெளியே எடுத்துத் திருப்பாமலே வேறு பாதையில் வைப்பதும் உண்டு. அப்போதும் வால்வை வெட்டத்தான் வேண்டும்.

சிரை நன்றாக இருந்தால் இந்த அறுவைக்கு இன்னும் இடமிருக்கிறது. 2022இல் வெளிவந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வில், ஒரே துண்டாக நல்ல சஃபீனஸ் சிரை உள்ள 1,434 நோயாளிகளை ஒப்பிட்டபோது, காலில் பெரிய பாதிப்போ இறப்போ நேர்ந்தவர்கள் பைபாஸ் பிரிவில் 42.6 சதவீதம், பலூன்-ஸ்டென்ட் வகைச் சிகிச்சைப் பிரிவில் 57.4 சதவீதம். அடுத்த ஆண்டு வந்த பாசில்-2 ஆய்வு, முழங்காலுக்குக் கீழுள்ள தமனி நோயில் பலூன் சிகிச்சையை முதலில் செய்வதே மேல் என்று எதிர்த்திசையில் முடிந்தது. நோயாளியைத் தேர்ந்தெடுக்கும் அந்த விவாதம் மருத்துவர்களுக்கானது. பைபாஸ் என்று முடிவாகிவிட்டால், சிரையைக் கெடுக்காமல் வேலையை முடிப்பதுதான் அதன் பலன் முழுவதும்.

சிரையை எடுக்கும் கருவிகள்

ஒப்பிடும் முன் அறுவைக்கு முந்தைய டூப்ளெக்ஸ் ஸ்கேனில் (இரத்த ஓட்டத்தையும் காட்டும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்) சிரையின் விட்டம் எவ்வளவு என்று குறித்து வைத்திருங்கள். 3 மில்லிமீட்டருக்குக் குறைவான சிரைகள் அடைபடும் வாய்ப்பு அதிகம் என்பது நன்கு நிறுவப்பட்டது. அத்தகைய சிரையில் ஒரு கருவி செய்யும் சிறு காயமும் பெரிய காயமே. ஆகவே 5 மில்லிமீட்டர் சிரையில் நன்றாக வேலை செய்தது என்பதை வைத்து ஒரு கருவியை ஏற்றுக்கொள்ளக் கூடாது.

திறந்த முறையில் எடுக்கும்போது சிரையை ஃபோர்செப்ஸால் கவ்வாமல், அதைச் சுற்றியுள்ள மெல்லிய திசுவை மட்டும் பிடிப்பதே ஒழுங்கு. இதற்கு டிபேக்கி ஃபோர்செப்ஸின் நுனி அகலத்தை ஒப்பிடுங்கள். 2 மில்லிமீட்டர் நுனிக்குத் திசுவை மட்டும் தனியே பிடிக்க முடியும்; அகலமான நுனி திசுவோடு சிரைச் சுவரையும் சேர்த்துப் பிடித்துவிடும். சிரையைத் தூக்கிப் பிடிக்க மென்மையான சிலிக்கோன் வளையங்கள் நல்லவை. பருத்தி நாடா நனைந்ததும் சொரசொரப்பாகிச் சுவரில் உராயும். கிளைகளைக் கட்டும்போது முடிச்சு சிரைச் சுவரிலிருந்து சுமார் 1 மில்லிமீட்டர் விலகி விழ வேண்டும். நெருங்கிக் கட்டினால் அந்த இடத்தில் சிரை உள்ளே இழுபட்டுச் சுருங்கும். கிளிப் போடும் கருவியை வாங்குவதாக இருந்தால், அதன் தாடை கிளிப்பை விட்டுவிலகும் வேளையில் சிறிதும் இழுக்காமல் விடுகிறதா என்பதைப் பார்த்த பிறகே விலையைப் பேசுங்கள்.

எண்டோஸ்கோப் மூலம் சிறு துளை வழியாகச் சிரையை எடுக்கும் கருவித் தொகுப்புகளும் இப்போது வந்துள்ளன. நீண்ட காயம் இல்லாததால் சர்க்கரை நோயாளிகளுக்கு ஆறாத புண்ணும் கிருமித்தொற்றும் குறைகின்றன. இது சிறிய நன்மையன்று. மறுபக்கம், சிரை இழுபடுவதும், கிளைகளை மூடும் மின்வெப்பம் சிரைச் சுவருக்குப் பரவுவதும் இதில் உள்ள ஆபத்துகள். இதய பைபாஸில் 2009இல் வெளியான ஓர் ஆய்வு எண்டோஸ்கோப்பால் எடுத்த சிரைகள் அதிகம் அடைபடுவதாகக் கண்டது. 2019இல் வெளியான ரீகுரூப் ஆய்வு, கைதேர்ந்தவர்கள் எடுத்தபோது இதயம் சார்ந்த பாதிப்புகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், இந்தத் தொகுப்பை வாங்கும் முடிவில் கருவியைவிட அதை இயக்குபவரின் பயிற்சியே பெரிது என்பது விளங்கும். மாதத்திற்கு ஒன்றிரண்டு பைபாஸ் மட்டும் நடக்கும் மருத்துவமனைக்கு, இடையிடையே தோலை விட்டுவிட்டுக் கீறும் திறந்த முறையும் நல்ல வெளிச்சம் தரும் சிறு ரிட்ராக்டரும் போதும் என்பது என் கருத்து.

எடுத்த சிரையைக் கரைசலால் நிரப்பிச் சோதிக்கும் கட்டத்தைப் பலர் கருவி ஒப்பீட்டில் சேர்ப்பதில்லை. சிறிய சிரிஞ்சைக் கையால் அழுத்தும்போது உண்டாகும் அழுத்தம் இரத்த அழுத்தத்தைவிடப் பல மடங்கு உயரக்கூடும். கத்தி படாமலே உள்ளடுக்கு முழுவதும் அங்கே கிழிந்துவிடும். ஆகவே சிரைக்குள் செலுத்தும் கேனுலாவின் முனை உருண்டையாக, வழவழப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். அதோடு அழுத்தத்தை மட்டுப்படுத்தும் வால்வோ, அளவு காட்டும் மானியோ இணைக்க முடிகிறதா என்பதையும் பாருங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் சிரையின் சுருக்கத்தைத் தளர்த்தும் பாப்பாவெரினும் கலந்த நோயாளியின் சொந்த இரத்தமோ, அமிலத்தன்மை சமன்செய்யப்பட்ட கரைசலோ வெறும் சலைனைவிட உள்ளடுக்கை நன்றாகக் காக்கிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

வால்வுலோடோம்: நின்று நிதானமாக ஒப்பிட வேண்டிய கருவி

சிரையின் வால்வுகளை உள்ளிருந்தே வெட்ட, இந்த அறுவைக்கென்றே உருவான கருவி இது. மற்றவை எல்லாம் பிற இரத்தக்குழாய் அறுவைகளிலும் பயன்படுபவை. வால்வுலோடோம் மட்டுமே சிரையின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கூரிய விளிம்போடு பயணம் செய்கிறது. எனவே அதன் இயக்கத்தை முழுவதும் புரிந்துகொள்ளாமல் இரண்டு மாதிரிகளை ஒப்பிட முடியாது.

சஃபீனஸ் சிரையின் ஒவ்வொரு வால்வும் இரண்டு இதழ்களால் ஆனது. கீழிருந்து மேலே செல்லும் எதையும் அவை தடுப்பதில்லை. ஆகையால் வால்வுலோடோம் கீழ்முனையிலிருந்து நுழைந்து எல்லா வால்வுகளையும் எளிதாகக் கடந்து மேலே போகிறது. வேலை நடப்பது திரும்பி இழுக்கும்போதுதான். அந்நேரம் மேலிருந்து தமனி இரத்தமோ கரைசலோ அழுத்தத்தோடு வந்துகொண்டிருந்தால் இதழ்கள் விரிந்து மூடி நிற்கும். பின்னோக்கிப் பார்த்த கூர்விளிம்பு அவற்றில் மாட்டி வெட்டும். அழுத்தம் இல்லையென்றால் இதழ்கள் சுவரோடு ஒட்டிக் கிடக்கும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் அவற்றைத் தவறவிடும். இரண்டு கருவிகளைச் சோதிக்கும்போது இரண்டிலும் ஒரே அளவு அழுத்தம் இருந்ததா என்று உறுதிசெய்யாவிட்டால் அந்த ஒப்பீட்டுக்குப் பொருளே இல்லை.

மில்ஸ் வகை என்பது மெல்லிய தண்டின் முனையில் கொக்கிபோல் வளைந்த சிறு வெட்டுவாய் கொண்டது. முனை மழுங்கலாகவும் வளைவின் உட்பகுதி மட்டும் கூராகவும் இருக்கும். நன்றாகச் செய்யப்பட்டது எஃகுக் கருவியாகப் பல ஆண்டுகள் உழைக்கும்; விலையும் தாங்கக்கூடியது. ஒரு நேரத்தில் ஒரே இதழை வெட்டுவதால், வெட்டுவாய் எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதை இயக்குபவர் அறிந்திருக்க வேண்டும். சஃபீனஸ் சிரையில் இதழ்கள் மூடும் கோடு பெரும்பாலும் தோலுக்கு இணையாக இருக்கும். ஆகவே வெட்டுவாயை முதலில் தோலை நோக்கியும் பிறகு நேரெதிராகத் திருப்பியும் இழுக்க வேண்டும். இதற்காகவே கைப்பிடியில் வெட்டுவாயின் திசையைக் காட்டும் தட்டையான பகுதியோ குறியோ இருப்பது அவசியம். திசைக்குறி இல்லாத மில்ஸை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். அதன் உண்மையான ஆபத்து பக்கக் கிளைகளின் வாயில் இருக்கிறது: கொக்கி கிளைக்குள் மாட்டிக்கொண்டால், வால்வு என்று எண்ணி இழுக்கும் கை சிரையையே நீளவாக்கில் கிழித்துவிடும். வால்வில் மாட்டிய தடை சட்டென்று விட்டுக்கொடுக்கும். கிளையில் மாட்டிய தடை இழுக்க இழுக்க இறுகும். இந்த வேறுபாட்டைக் கைக்குச் சொல்லும் அளவுக்குத் தண்டு விறைப்பாக இருக்க வேண்டும், அதே வேளை சிரையின் வளைவுக்கு இசைந்துகொடுக்கவும் வேண்டும். இரண்டு மில்ஸ் கருவிகளை ஒப்பிடும்போது கூர்மையைவிட முதலில் நான் பார்ப்பது தண்டின் இந்தக் குணத்தைத்தான்.

விரிந்து சுருங்கும் வகை வால்வுலோடோம் வேறு விதமாக வேலை செய்கிறது. லெமெய்தர் என்ற அறுவை மருத்துவர் 1983இல் தொடங்கிய கம்பெனியின் கருவி இவ்வகையில் பரவலாக அறியப்பட்டது. நீண்ட மெல்லிய உறைக்குள் மடங்கியபடி சிரையின் மேல்முனை வரை செல்லும். உறையைப் பின்னிழுத்தால் கம்பி வளையங்கள் விரிந்து சிரையின் நடுவில் கருவியை நிறுத்தும். அவற்றோடு சேர்ந்த சிறு கத்திகள் சுவரைத் தொடாமல் இதழ்களை மட்டும் வெட்டும். சிரை குறுகும் இடத்தில் வளையங்களும் தாமாகக் குறுகும். திசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை, இடையில் கிளைகளைத் திறந்து நுழைக்க வேண்டியதில்லை, ஒரே கருவி முழு நீளத்துக்கும் போதும் என்பவை இதன் நன்மைகள். இது ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதற்காகச் செய்யப்பட்டது, விலை அதிகம். விலையைக் காரணம் காட்டி ஈடிஓ (எத்திலீன் ஆக்சைடு) வாயுவில் கிருமிநீக்கம் செய்து மறுபடி பயன்படுத்தும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். மெல்லிய உறைக்குள் தங்கிய இரத்தத்தை முழுவதும் கழுவி எடுக்க முடியாது. ஒருமுறை இதழ்களை வெட்டிய கத்தி இரண்டாம் முறை வெட்டாமல் கிழிக்கும்.

தலைகளை மாற்றிப் பொருத்தும் வகையும் உண்டு: தண்டு ஒன்று, அதில் வெவ்வேறு விட்டமுள்ள வெட்டுத்தலைகள். இங்கே கேட்க வேண்டியது, சிரைக்குள் தலை கழன்றுவிடாமல் பூட்டு உறுதியாக இருக்கிறதா என்பதே. பூட்டின் திருகுமரையை லூப் எனும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மரையில் பிசிறு இருந்தால் உடனே திருப்பி அனுப்புங்கள். தலையைச் சிரையின் மிகக் குறுகிய பகுதிக்கேற்பத் தேர்ந்தெடுத்தால் மேலே அகலமான பகுதியில் இதழ்கள் முழுவதும் வெட்டுப்படாமல் போகலாம். அகலத்துக்கேற்பத் தேர்ந்தெடுத்தால் கீழே சுவர் காயப்படும். இந்தச் சிக்கலைத் தீர்க்க இரண்டு தலைகளை அடுத்தடுத்துப் பயன்படுத்துவார்கள். அப்போது கருவி சிரைக்குள் போய்வரும் முறைகளும் இரட்டிக்கும்.

மேசைமேல் வைத்துச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். இறைச்சிக் கடையிலிருந்து ஆட்டின் கால், கழுத்துச் சிரைத் துண்டுகளைக் கேட்டு வாங்கிச் சலைனில் கழுவி வைத்துக்கொள்ளுங்கள். தியேட்டருக்குள் கொண்டுவராமல், பயிற்சி அறையில், அதற்கென்று ஒதுக்கிய கருவிகளோடு மட்டும் இதைச் செய்ய வேண்டும். ஒரு முனையில் கேனுலா கட்டி, சலைன் பையைச் சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால் ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் கிடைக்கும். ஒவ்வொரு வால்வுலோடோமையும் ஒரே நபர் அதே எண்ணிக்கையில் இழுக்கட்டும். பிறகு சிரையை நீளவாக்கில் பிளந்து, விரித்து, குண்டூசியால் பலகையில் பொருத்தி லூப் கண்ணாடியால் பாருங்கள். வால்வு இருந்த இடத்தில் இதழ்கள் நடுவில் பிளந்திருந்தால் சரி. அடியோடு உரிந்து தொங்கினால் கருவி மழுங்கியது என்று பொருள். வால்வுகளுக்கு இடைப்பட்ட சுவரில் நீண்ட கோடு தெரிந்தால் அந்தக் கருவியை அந்த அளவுச் சிரைக்குப் பயன்படுத்தக் கூடாது. கிளை வாய்களைத் தனியே பாருங்கள். கம்பெனிப் பிரதிநிதி காட்டும் காணொளியைவிட இந்த ஒரு பலகை உண்மையைச் சொல்லும்.

டனலர்

சிரையை வெளியே எடுத்துச் செய்யும் பைபாஸில், தொடையிலிருந்து கீழ்க்கால் வரை புதிய பாதை வகுப்பது டனலரின் வேலை. நீண்ட கிளாம்பை நுழைத்துச் சிரையின் முனையைக் கவ்வி இழுப்பது பழைய வழக்கம். அதில் சிரை திசுவோடு உராய்ந்தபடி வருவதாலும், முறுக்கிக்கொள்வது வெளியே தெரியாததாலும், வேறு கருவி இருக்கும்போது அதைத் தவிர்க்கலாம். குண்டு வடிவ முனை பொருத்திய உலோகக் குழாய் பாதையை வகுத்தபின் முனையைக் கழற்றிவிட்டால், குழாய் உள்ளேயே நிற்கும். அதன் வழியாகச் சிரையை இழுத்து, பிறகு குழாயை உருவிவிடலாம். மழைக்கோட்டின் கைப்பகுதிக்குள் கையை நுழைப்பதுபோல, சிரை வழியெங்கும் வழவழப்பான சுவரை மட்டுமே தொடுகிறது.

இரண்டு டனலர்களை ஒப்பிடும்போது உள்விட்டம் முதன்மையானது. விரிந்த நிலையில் உள்ள சிரையைவிட அது தாராளமாக இருக்க வேண்டும். அதே வேளை வெளிவிட்டம் பெரிதாகிவிட்டால் மெலிந்த நோயாளியின் முழங்கால் பின்புறத்தில் தேவையற்ற காயம் உண்டாகும். குழாயின் வாய்விளிம்பைக் கையுறை விரலால் சுற்றித் தடவுங்கள். லேடெக்ஸ் மாட்டினால் சிரையும் மாட்டும். வளைவான டனலர் முழங்காலைச் சுற்றிப் போவதற்கு வசதி, நேரான டனலர் தோலுக்கடியில் நேர்ப்பாதைக்கு வசதி. இரண்டும் தொகுப்பில் இருப்பது நல்லது. எந்த டனலரானாலும் சிரையின் முன்பக்கத்தில் முழு நீளத்துக்கும் கிருமிநீக்கிய மையால் கோடு வரைந்துகொள்வதும், இழுத்தபின் இரண்டு முனைகளிலும் கோடு ஒரே பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டாயம்.

கிளாம்புகளும் அவற்றுக்கு மாற்றுகளும்

டிபேக்கி வகைத் தாடையில் ஒரு பக்கம் இரு வரிசை நுண்பற்களும் எதிர்ப்பக்கம் அவற்றின் நடுவே பொருந்தும் ஒரு வரிசையும் இருக்கும். இதன் தரத்தைச் சோதிக்க மெல்லிய டிஷ்யூ காகிதத்தைத் தாடைக்கிடையில் வைத்து முதல் பூட்டில் மூடி, எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்: தடம் அடியிலிருந்து நுனி வரை ஒரே சீராக இருக்க வேண்டும், காகிதம் ஓட்டையாகக் கூடாது. நுனியில் மட்டும் அழுந்தும் கிளாம்ப் தமனியை வெட்டும். அடியில் மட்டும் அழுந்துவது கசியும். பைபாஸ் சிரையின்மேல் இவ்வகைக் கிளாம்ப் ஒருபோதும் விழக் கூடாது. அதற்கு மென்மையான ஸ்பிரிங் உள்ள சிறு புல்டாக் கிளாம்புகள் தனியே வேண்டும்.

நம் பகுதியில் இந்த ஒப்பீட்டைக் கடினமாக்குவது நீண்டகாலச் சர்க்கரை நோயாளியின் கீழ்க்கால் தமனி. அதன் சுவரில் சுண்ணாம்பு படிந்து குழல்போல் விறைத்திருக்கும். அதைக் கிளாம்பால் அழுத்தினால் படிவு உடைந்து உள்ளடுக்கு பெயரும். சில வேளை எவ்வளவு அழுத்தினாலும் இரத்தம் நிற்காது. ஆகவே இத்தகைய நோயாளிகள் அதிகம் வரும் மருத்துவமனை மேலும் மேலும் கிளாம்ப் வாங்குவதற்குப் பதிலாக, சிறு அளவிலான சிலிக்கோன் வளையங்கள், தமனிக்குள்ளிருந்து அடைக்கும் மென்மையான அடைப்பான்கள், தொடையில் கட்டும் காற்று டூர்னிக்கே ஆகியவற்றில் பணத்தைச் செலவிடுவது மேல். டூர்னிக்கேயின் சிறப்பு, கீழ்த்தமனியை எந்தக் கருவியும் தொடாமலே தையல் போட முடிவது. பட்டையின் அகலம், காற்று கசியாமல் அழுத்தம் நிலைத்து நிற்கும் திறன், நேரத்தைக் காட்டும் எச்சரிக்கை ஆகியவை அதில் ஒப்பிட வேண்டியவை. தொடைத் தமனியே சுண்ணாம்பாகிவிட்டால் அதுவும் உதவாது என்பதால் மாற்று ஏற்பாடு தட்டில் எப்போதும் இருக்கட்டும்.

தையலுக்கான கருவிகள்

இவை பழக்கமானவை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 6-0, 7-0 பாலிப்ரோப்பிலீன் நூலுக்குக் காஸ்ட்ரோவியேஹோ வகை நீடில் ஹோல்டரும், ஆழமான தொடைப் பகுதிக்கு நீண்ட ரைடர் வகையும் தேவை. ஊசியை இரண்டாவது பூட்டில் பிடித்து விரலால் திருப்பிப் பாருங்கள். எளிதில் திரும்பினால் தாடை தேய்ந்துவிட்டது. தங்க நிறக் கைப்பிடி பொதுவாக டங்ஸ்டன் கார்பைடு தாடையைக் குறிக்கும். ஆனால் நிறத்தை நம்பாமல் சோதித்து வாங்குங்கள். பாட்ஸ் கத்தரிக்கோல் 25, 45, 60 பாகைக் கோணங்களில் கிடைக்கிறது. தொடைக்கும் கணுக்காலுக்கும் ஒரே கோணம் போதாது. கையுறை லேடெக்ஸின் ஒற்றை அடுக்கை நுனி வரை இழுக்காமல் வெட்டுவதே அதற்கான தேர்வு. சுண்ணாம்பு படிந்த தமனிக்கு நுனி மட்டும் வெட்டுவாயாக உள்ள ஊசிகள் உண்டு; அவற்றைத் தனியே வாங்கி வையுங்கள்.

கடலோரத்தில் எஃகு

ஒரே தரமான இரண்டு கருவிகள் இங்கே சில ஆண்டுகளில் வேறுபட்டுப் போவதற்குப் பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். துருப்பிடிக்காத எஃகைக் காப்பது அதன் மேற்பரப்பிலுள்ள குரோமியம் ஆக்சைடு படலம். குளோரைடு அதைத் துளைத்து நுண்குழிகளை உண்டாக்கும். புதுச்சேரியிலும் கடலூரிலும் கடலையொட்டிய பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்ப்பாக இருக்கிறது. அந்த நீரில் கடைசி அலசல் செய்த மெல்லிய கருவிகள், ஆட்டோகிளேவின் வெப்பத்தில் உப்பு செறிந்து, மூட்டுகளில் அரிக்கப்படும். சலைனில் ஊறவைத்த கருவிக்கும் இதே கதிதான். அறுவை முடிந்ததும் சலைனைத் துடைத்து, நொதிக் கரைசலில் கழுவி, ஆர்ஓ நீரிலோ வாலைவடி நீரிலோ கடைசியாக அலசி, நன்கு உலர்த்திய பிறகே 121 பாகையிலோ 134 பாகையிலோ ஆட்டோகிளேவுக்கு அனுப்ப வேண்டும். மில்ஸ் வால்வுலோடோமின் வளைவில் ஒரு நுண்குழி விழுந்தால்கூட அது ரம்பம்போல் சிரையைக் கிழிக்கும். இந்த ஒழுங்கு இல்லாத மருத்துவமனை விலையுயர்ந்த மறுபயன்பாட்டுக் கருவிகளை வாங்குவதால் பயனில்லை. டைட்டானியம் கருவிகள் குளோரைடால் பாதிக்கப்படுவதில்லை, எடையும் குறைவு. ஆனால் வெட்டுவாய்க்கு எஃகின் கடினம் அதற்கு இல்லை.

கொள்முதலில் எழுத வேண்டியவை

அரசு மருத்துவமனைகளில் குறைந்த விலைப்புள்ளிக்கே ஆணை போகும் நடைமுறை இருப்பதால், தரத்தைக் காக்கும் ஒரே இடம் விவரக்குறிப்பு. அதில் நீளத்தையும் எஃகின் வகையையும் மட்டும் எழுதாமல், மேலே சொன்ன சோதனைகளையே நிபந்தனையாக எழுதுங்கள்: காகிதத் தடம் சீராக இருக்க வேண்டும், லேடெக்ஸை நுனி வரை வெட்ட வேண்டும், வால்வுலோடோமில் திசைக்குறி இருக்க வேண்டும், டனலரின் வாயில் பிசிறு கூடாது, மாதிரியை நேரில் சோதித்த பின்பே ஏற்பு. 2017ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகளின்படி உரிமமோ பதிவோ உள்ளதா என்பதற்கான ஆவணத்தையும், கூர்தீட்டலுக்கும் பழுதுக்கும் கம்பெனி எத்தனை நாளில் திருப்பித் தரும் என்பதையும் கேளுங்கள். பழுது பார்க்கச் சென்னைக்கு அனுப்பிய கருவி வரும் வரை அறுவையை ஒத்திவைக்க முடியாது. எனவே மறுபயன்பாட்டு வால்வுலோடோம் என்றால் இரண்டாக வாங்குங்கள். ஒருமுறைக் கருவியை ஒப்பிடும்போது ஒரு கருவியின் விலையை விட்டுவிட்டு ஓர் அறுவைக்கான செலவைக் கணக்கிடுங்கள். கூர்தீட்டல், கிருமிநீக்கம், கூடுதல் அறுவை நேரம் எல்லாம் மறுபயன்பாட்டுக் கருவியின் கணக்கில் சேர வேண்டும்.

பதிவேடு

மேசைச் சோதனை பாதி ஒப்பீடுதான். மீதி நோயாளியின் காலில் தெரியும். அறுவைக் குறிப்பில் பைபாஸின் வகை, சிரையின் மிகக் குறைந்த விட்டம், வால்வுலோடோமின் வகையும் எத்தனை முறை இழுக்கப்பட்டது என்பதும், கீழ்த்தமனியை அடைக்கப் பயன்பட்ட கருவி ஆகியவற்றுக்கு ஒரு கட்டம் ஒதுக்குங்கள். அறுவை முடியும் முன்பே, இரத்த ஓட்டத்தை ஒலியாகக் காட்டும் டாப்ளரை முழு நீளத்துக்கும் நகர்த்தி, துடிப்பு திடீரென மங்கும் இடம் இருந்தால் அங்கே வெட்டுப்படாத வால்வைத் தேட வேண்டும். இரைச்சல் கேட்கும் இடத்தில் கட்டப்படாத கிளை ஒன்று மற்ற சிரைகளுக்குள் இரத்தத்தைக் கசியவிடுகிறது என்று பொருள். இரண்டையும் பதிவு செய்யுங்கள்.

பைபாஸ் சிரையில் சுருக்கம் தோன்றுவது பெரும்பாலும் முதல் ஆண்டுக்குள். அக்காலத்தில் எடுக்கப்படும் டூப்ளெக்ஸ் ஸ்கேன்களில் ஓரிடத்தில் இரத்த ஓட்டத்தின் உச்ச வேகம் நொடிக்கு 300 சென்டிமீட்டருக்கு மேலாகவும், அருகிலுள்ள பகுதியோடு ஒப்பிட்டால் 3.5 மடங்குக்கு மேலாகவும் இருந்தால் கடும் சுருக்கம் என்று கொள்வர். குழாயின் நடுப்பகுதியில் வேகம் நொடிக்கு 45 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்குவதும் ஆபத்தின் அறிகுறி. தியேட்டர் பதிவேட்டில் அதற்கொரு பத்தி சேர்த்து, சுருக்கம் எங்கே உண்டானது என்று எழுதச் சொல்லுங்கள்: கிளாம்ப் விழுந்த இடத்திலா, வால்வு இருந்த இடத்திலா, வால்வுக்கு அப்பால் வெறும் சுவரிலா, தையல் முனையிலா. ஸ்கேன் அறை வேறு கட்டடத்தில் இருப்பதால் இந்தத் தகவல் தியேட்டருக்குத் திரும்பி வருவதேயில்லை. மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் நேரில் போய் அந்த எண்களைப் பார்த்து எழுதிவர வேண்டும், அந்த வேலை யாருடையது என்பதையும் பெயரிட்டு ஒதுக்கிவிட வேண்டும். ஒரே வகை வால்வுலோடோம் பயன்பட்ட கால்களில் சுருக்கம் வெறும் சுவரில் திரும்பத் திரும்ப வருமானால், அடுத்த கொள்முதல் கூட்டத்துக்கு அந்தப் பக்கத்தை எடுத்துச் செல்லுங்கள்.